கழற்றி எடுத்த கார்டு

அக்கா வீட்டு மாடியறைக் கதவு மழையில் உப்பியிருந்தது. தோளால் இடித்துத்தான் திறந்தேன். மணி மூன்று, சுள்ளென்று வெயில். பேய்க் கதைக்குத் தோதான நேரமே இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நடந்தது அப்போதுதான், நான் என்ன செய்ய?

உள்ளே, அடைத்துக் கிடந்த அறையின் வாடை. அதற்கும் அடியில் லேசாகக் கிரீஸ் வாடை. அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், லிஃப்ட் மெக்கானிக். அவர் போய்ப் பதினோரு மாதமாகிறது. மேசையில் அவருடைய பழைய கம்ப்யூட்டர் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எனக்குன்னு ஒரு பாட்டு பண்ணாரில்ல, அதை ஒரு தடவ பழையபடி கேக்கணும்டா," என்றாள் அக்கா. "அவர் போனப்புறம் போட்டுப் பார்த்தா பொம்மை பீப்பீ மாதிரி இருக்கு. உனக்குத்தான் இதெல்லாம் கைவந்த கலையாச்சே. சரி பண்ணிக் குடு."

"பண்ணிடலாம்க்கா."

அவள் கீழே போனாள். சரி பண்ண வேண்டிய பொருள் என் பையிலேயே இருந்தது. அதைத் திருடியவன் நான்தான்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அத்தான் பாட்டமைத்தது கம்ப்யூட்டரில், மிடி என்ற வகைக் கோப்பாக. அதில் ஒலி என்று எதுவும் கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற உத்தரவுகள் மட்டும்தான். வாசிப்பது சவுண்டு கார்டின் வேலை. சாதாரணக் கார்டு தன்னிடமுள்ள சிப்பை வைத்து ஏதோ ஒப்பேற்றும். வயலினும் கொசுவும் ஒன்றுபோலக் கேட்கும். அதன் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கார்டைச் செருகினால் கதையே வேறு. நிஜ வயலின், நிஜக் குழல், நிஜப் பியானோ எல்லாம் அதற்குள் பதிவாகி இருக்கும். அதே கோப்புதான், ஆனால் கண்ணை மூடினால் எதிரே ஒரு குழுவே உட்கார்ந்து வாசிக்கும்.

அத்தானிடம் அப்படியொரு அருமையான குட்டிக் கார்டு இருந்தது. மூன்று வருடம் முன்பு, பவர் சப்ளை மாற்றச் சொல்லி என்னிடம் பெட்டியைக் கொடுத்தார். பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் கூடும் கண்காட்சியில் பந்தா காட்டலாமே என்று, ஒரே ஒரு வாரத்துக்கு அதைக் கழற்றிக்கொண்டேன். பாட்டு போடும் ப்ளேயரை வெறும் சிப்புக்குத் திருப்பிவிட்டு, பெட்டியைத் திருகி மூடிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் மூன்று வருடமானது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

"சத்தம் ஏதோ மாறின மாதிரி இருக்கேப்பா?" என்று கேட்டார்.

"அதே சத்தம்தான் அத்தான். எதுக்கும் காதைக் காட்டிடுங்க," என்று சிரித்தேன்.

காட்டினார். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அத்தான் நம்பவில்லை. மச்சினன் பொய் சொல்வானா? லிஃப்ட் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும் மனுஷன் அவர். காது கெட்டவன் உயிர்கள் தொங்கும் கம்பியைத் தொடக் கூடாது என்று வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் மாடியை விட்டே அதிகம் இறங்கவில்லை. ஒரு நாள் இதே நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கொன்றேன் என்று யாரும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேன்.

என் திட்டம் எளிது. கார்டைச் செருகுவது, பாட்டைப் போடுவது, 'ஏதோ செட்டிங் கோளாறுக்கா' என்று சொல்லிவிட்டு நழுவுவது. முதலில் கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, ஒயரைச் செருகி ஆன் செய்தேன். திரையில் 'காது' என்று ஒரு ஃபோல்டர்.

உள்ளே இருநூற்றுச் சொச்சம் கோப்புகள். நாளுக்கு ஒன்று. நாலைந்தைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒற்றைச் சுரம், கீழிருந்து படிப்படியாக மேலே ஏறியது. எந்த உயரத்தில் தனக்குக் கேட்காமல் போகிறது என்று தினமும் தன்னையே சோதித்துப் பார்த்திருக்கிறார். என் ஒரு பொய்க்காக.

பட்டியலின் அடிக்குப் போனேன்.

கடைசிக் கோப்பின் தேதி, நேற்று.

பேட்டரி செத்தால் பழைய கம்ப்யூட்டரில் தேதி தப்பும், சகஜம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அப்படித் தப்பினால் அது பின்னால்தான் ஓடும், அந்தப் பெட்டி பிறந்த வருடத்துக்கு. நேற்றைக்கு வந்து நிற்காது.

"அக்கா, நேத்து இதை யாராச்சும் போட்டீங்களா?" என்று படியில் நின்று கத்தினேன்.

"யாருடா போடறது? ஒயரையே பிடுங்கி வெச்சிருந்தேனே."

பிடுங்கித்தான் கிடந்தது. செருகியவன் நானே.

சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அணைத்தேன், பெட்டியைத் திறந்தேன், குட்டிக் கார்டை அதன் இடத்தில் அழுத்தினேன். மறுபடி ஆன் செய்து, ப்ளேயரைக் குட்டிக் கார்டுக்குத் திருப்பி, அக்காவின் பாட்டைப் போட்டேன். திரையில் வாத்தியத்துக்கு ஒன்றாகப் பச்சைப் பட்டைகள் துள்ளின.

சத்தம் வரவில்லை.

வால்யூமைக் கூட்டினேன். ஒயரை ஆட்டினேன். தலைக்கு மேல் மின்விசிறி கேட்டது. தெருவில் லாரி ரிவர்ஸ் எடுப்பது கேட்டது. ஸ்பீக்கரில் விரலை வைத்துப் பார்த்தேன்.

அதிர்ந்துகொண்டிருந்தது.

கிரீஸ் வாடை இப்போது என் முகத்துக்கு அருகில் இருந்தது.

அக்கா படியேறி வந்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "அப்படியே இருக்குடா. அந்த வயலின் எடுக்கற இடம், அப்படியே…"

அவள் பேசுவது கேட்டது. விசும்புவது கேட்டது. பாட்டு மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இதுல இருந்த குட்டிக் கார்டை நான்தான்க்கா எடுத்தேன், அதான் சத்தம் மாறுச்சு! அத்தான் காதுக்கு ஒண்ணுமே இல்ல. தெரிஞ்சே வாயை மூடிட்டு இருந்தேன்."

அவள் திரும்பவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தபடியே பேசினாள்.

"உங்க காதுதான் போச்சு, ஒத்துக்கோங்கன்னு நானும் தினம் சொன்னேனே. உன்னை நம்பித்தாண்டா சொன்னேன்."

ஐயோ, அவள் என்னை அறைந்திருக்கலாம். பட்டைகள் ஒவ்வொன்றாக அடங்கின. பாட்டு முடிந்துவிட்டது. ஆனால் ஒரே ஒரு பட்டை, வாத்தியமே ஒதுக்காத கடைசிப் பட்டை, நிற்கவில்லை. சின்னச் சின்னதாக, விட்டு விட்டு அசைந்தது. ஒருவர் பேசுவதுபோல.

அக்கா தலையைச் சாய்த்தாள்.

"என்னக்கா?"

கையைக் காட்டி என்னை அடக்கினாள். "அவர் குரல்டா," என்றாள் மெதுவாக.

"மிடியில குரல் வராதுக்கா. அதுல சத்தமே கிடையாது."

அவள் காதில் வாங்கவில்லை. தலையாட்டினாள், இத்தனை வருடமும் அவர் பேசப் பேச ஆட்டியதைப்போல. ஒரு தடவை என்னைப் பார்த்தாள். மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

"என்னைப் பத்தியா? என்ன சொல்றார்? திட்டட்டும்க்கா, பரவால்ல. மன்னிக்க மாட்டேன்னாலும் பரவால்ல. என்னன்னு மட்டும் சொல்லேன்."

ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். திரை இருண்டது. ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கும் அணைந்தது.

அக்கா இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னாள்.

"உங்கிட்ட சொல்ல வேண்டாங்கறார்."