ஆறு கொண்டுபோன மனைவி

ஆற்றின் வளைவுக்கு அப்பால் ஓர் அலறல்!

காலை பத்தரை மணி. ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவே இறங்கி ஓடும் சின்ன ஆறு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் குளிக்க வந்த கூட்டம் வேறு.

லைஃப் ஜாக்கெட் வாடகைக்குக் கொடுக்கும் பவாஸ் ஓடினான்.

இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு நின்றான். சசிக்குமார். கொழும்பிலிருந்து மனைவி துஷாந்தினியோடு வந்தவன். அவள் பாறையில் நின்று போட்டோ எடுத்தாளாம்... வழுக்கியதாம்... போய்விட்டாளாம்.

பவாஸ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாய்ந்தான். ஒரு தடவை. இரண்டு தடவை. ஏழு தடவை!

கையில் கிடைத்தது ஒற்றைச் செருப்பு.

பொலிஸ் ஜீப் வந்து சேரப் பன்னிரண்டாகிவிட்டது. சப் இன்ஸ்பெக்டர் விஜிதா இறங்கியதும் மலையைத்தான் பார்த்தாள். உச்சியில் கறுத்த மேகம். அங்கே மழை பிடித்தால் அரை மணி நேரத்தில் இங்கே வெள்ளம். தேடுகிறவர்களையும் கரையேற்ற வேண்டிவரும்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நீங்க என்ன செஞ்சீங்க?" சசிக்குமாரிடம் கேட்டாள்.

"உடனே பாஞ்சேன் மேடம். முங்கி முங்கித் தேடினேன்..."

பவாஸ் அவளைத் தனியே அழைத்தான். தான் ஓடி வந்தபோது அந்த ஆளின் தலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை என்றான். சட்டைக் காலர்கூடக் காய்ந்திருந்ததாம்.

விஜிதாவின் போன் அடித்தது.

இரண்டு மைல் கீழே, தேயிலைத் தோட்டத்திலிருந்து. கேட்டாள். முகத்தில் எதையும் காட்டவில்லை.

"ஆள் கிடைச்சிட்டாங்க. வாங்க."

சசிக்குமார் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஜீப் கிளம்பியதும் மெல்லக் கேட்டான்.

"பாடியை இன்னைக்கே தந்திருவாங்களா மேடம்?"



தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசல். கொழுந்து பறிக்கும் வேலம்மா சுடச்சுடத் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டிருந்தாள். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை அதை வாங்கியது.

துஷாந்தினி!

சசிக்குமார் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டான்.

அவனுக்கு இன்னொரு குடும்பம் இருப்பதைப் போன வாரம்தான் கண்டுபிடித்தாளாம். சமாதானம் பேசலாம் என்று சொல்லித்தான் இங்கே கூட்டி வந்தானாம்.

"இவர்தான் தள்ளினாரு. நான் பாறைய இறுக்கிப் பிடிச்சேன். விரல் விரலா எடுத்துவிட்டாரு..."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மேடம்... இவளுக்கு நீச்சல் தெரியாதே..."

"பல்லேகமவுல ஆத்தோரம் வளந்தவ நான். நாலு வருசத்துல நீங்க ஒருநாள்கூடக் கேட்டதில்ல."

விஜிதா விலங்கை மாட்டினாள்.

"ஏறுங்க சார். ஜீப்புல போறதுக்கு நீச்சல் தேவையில்ல."