துண்டு போட்ட இடம்

1969 நவம்பர் 21, வெள்ளி. இன்று ஒரு பிழை செய்தேன். பஸ்ஸில், வேறொருவர் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். மழை, கால்வலி என்று காரணம் சொல்லலாம். ஆனாலும் பிழை பிழைதான்.

தேவகி இதற்கு முன் அப்படிச் செய்ததே இல்லை. டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து தன் ஊரான திருப்புட்குழி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவள் மனிதர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக இடம் பிடிப்பார்கள். துண்டு, குடை, பூசணிக்காய்... ஒருநாள் ஒரு பெரியவர் பேரனையே உள்ளே தள்ளிவிட்டு, நிதானமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எது கிடந்தாலும் அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். தம்பியின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கூடத் துண்டுக்கு மரியாதை கொடுப்பார்.

போன வெள்ளிக்கிழமை மழை இருட்டில் அவளும் பையை எறிந்தாள். ஊர்ப்பெயர்ப் பலகையைப் படிக்காமல்... ஆரணி பஸ்ஸுக்குள். பை ஒருவன் மடியில் விழுந்தது. பஸ் நகர்ந்தது. அடுத்த நொடி, அவன் பையோடு ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தான்.

"பிடிங்க... என் பை. திருடன்."

நாலு பேர் அவன் சட்டையைப் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை. அரக்குச் சாயம் ஏறிய விரல்களால் பையை நீட்டினான். மழைத்துளி தங்கிய இமைகள்... அதற்குக் கீழே கோபமே இல்லாத கண்கள்.

"ஏம்மா, நீயே மடியில போட்டுட்டு நீயே திருடன்றியே. இத்த குடுக்க எறங்கி என் பஸ்ஸும் போயிடுச்சு. ஆரணில வேலைக்கு வரச் சொல்லியிருந்தாங்க."

மன்னிப்பு தொண்டை வரை வந்தது. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையை வாங்கிக்கொண்டு தன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அதன் பிறகு தினமும் மாலையில் அவன் டீக்கடை ஓரம் நின்றான். பேசவில்லை. பார்த்தான்... அவ்வளவுதான். பழி தீர்க்க வருகிறானா? அப்பா காதுக்குப் போனால் வகுப்பே நின்றுவிடுமே... அவள் தலை நிமிராமல் பஸ்ஸில் ஏறுவாள். மூன்றாவது ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். யாராவது உட்காரப் போனால் கண்டக்டர் முனிரத்தினம், "ஆள் வருதுபா," என்பார். ஆள் வந்ததே இல்லை. துண்டு உட்கார்ந்து வரும். தேவகி பக்கத்தில் நின்றுகொண்டு வருவாள்.

இன்று வகுப்பில் கை ஓடவில்லை. பக்கத்து மெஷின் வடிவாம்பாள், வரி முடிந்து மணி அடிக்கும்போதெல்லாம் யாரோ கூப்பிட்டதுபோல் "ம்" என்பாள். தினமும் சிரிக்கிற தேவகிக்கு இன்று சிரிப்பு வரவில்லை. அவன் இன்றும் நிற்பானா... நிற்காவிட்டால்?

நின்றான். டீக்கடை ஓரம் அல்ல... தகரப் பெட்டியோடு, ஆரணி பஸ் அருகே.

தன் பஸ்ஸில் ஏறியவள், அவனையே பார்த்தபடி அந்தத் துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பதறி எழுந்து துண்டைக் கையில் எடுத்தாள். ஓரமெல்லாம் விரல் அடையாளங்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம்...

"ஒருவழியா உக்காந்தியாமா," என்றார் முனிரத்தினம்.

"அண்ணே... இது யார் துண்டு?"

"சாயப்பட்டறை அர்ஜுனனுது. தெனம் உனுக்குத்தான் எடம் போட்டுட்டுப் போறான். 'அந்தப் பொண்ணு நின்னுக்கினே வருதுபா'ன்னு நான் சொன்னா, 'என் மேல இன்னும் கோவம் போல'ன்றான். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஊர்ல இருக்கறவன் கிட்டல்லாம் நான் திட்டு வாங்கறேன்."

"ஏண்ணே சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினான். இன்னிக்கு ஆரணிக்கே போறானே, அங்க வேற பட்டறைல வேலையாம். இனிமே சொன்னா இன்னா."

எதிரே ஆரணி பஸ் உறுமியது.

"விசில் ஊதாதீங்கண்ணே."

"ஏற்கெனவே லேட்டுமா..." அதற்குள் அவள் இறங்கியிருந்தாள்.

மழை முகத்தில் அடித்தது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்து இடம் காலி. அவள் நிமிர்ந்து பலகையைப் படித்தாள். பிறகு, பையை ஜன்னல் வழியாக அந்தக் காலி இடத்தில் போட்டாள்.

அவன் திரும்பினான். அதே கண்கள்...

"இது ஆரணி பஸ்ஸுமா."

"தெரியும். படிச்சிட்டுத்தான் போட்டேன்."

"மறுபடியும் நான் குதிக்கணுமா?"

"வேணாம். அன்னிக்குத் திருடன்னு சொன்னது தப்பு. அப்பவே தெரியும்... வாய் வரல."

"அதுக்கு, பையக் குடுத்துட்டுப் போறியா?"

"குடுக்கல. இடம் போட்டிருக்கேன். ஆள் வர்ற வரைக்கும் அங்க யாரும் உட்காரக் கூடாது."

பஸ் நகர்ந்தது. அவள் கூடவே நடந்தாள். உள்ளே ஒரு பருத்த மனிதர் அந்தக் காலி இடத்தில் உட்காரக் குனிந்தார்.

அர்ஜுனன் பையின் மேல் கையை வைத்தான்.

"ஆள் வருதுங்க," என்றான், அவளையே பார்த்துக்கொண்டு.

"பஸ்ஸே கெளம்பிடுச்சு, இனிமே யாருபா வரப் போறாங்க?"

"வருவாங்க. கொஞ்சம் லேட்டாவும்."

நான் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கியதால், திரும்பி வந்தபோது என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நியாயந்தான். நின்றுகொண்டே வந்தேன். பையோடு டிபன் பாக்ஸும் ஆரணிக்குப் போய்விட்டது. பாக்ஸ் எங்கே தேவகி என்று அம்மா கேட்டாள். காலையில் சொல்கிறேன் என்றேன்.

நாளை: அப்பா வயலுக்குக் கிளம்புவதற்கு முன், அம்மா அப்பா இருவரிடமும் அர்ஜுனனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.