காலுக்குள் நட்ட குச்சி

தகரக் கூரையில் பல் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

தனுஷிகா தன் பால்பல்லை எம்பி எறிந்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஒரு சின்னக் கல் விழுந்தாலே தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கிற கூரை அது. சாயங்காலப் பனி மேல்மலையிலிருந்து இறங்கி, ஃபெக்டரியில் வாடுகிற பச்சைக் கொழுந்தின் வாசனையையும் யாரோ அடுப்பில் வைத்த ஈரவிறகின் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வாசல் வாசலாக நுழைந்துகொண்டிருந்தது. பீலிக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது கூடக் கேட்டது. பல் மட்டும் கேட்கவில்லை.

"கூரை மேலதாம்மா போச்சு. நான் பாத்தேன்."

"போச்சுன்னா டக்குன்னு கேக்கணுமேடி," என்றாள் வினோதா, இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி.

அடுத்த பல் பாண் ரொட்டியைக் கடிக்கும்போது கழன்றது. இந்தத் தடவை எறிய விடாமல் வினோதா அதை வாங்கிக்கொண்டாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். நகம் உள்ளே இறங்கியது. வெந்த சோற்றுப் பருக்கை மாதிரி பல் நசுங்கி விரலில் ஒட்டிக்கொண்டது.

"ஆறு வயசுல பல்லு விழாம அறுபது வயசுலயா விழும்?" என்று சிரித்தான் அவள் புருஷன் ஜெயகாந்தன்.

"விழுறத சொல்லலைங்க. நசுங்குது. இங்க பாருங்க."

"பால்பல்லு அப்பிடித்தான் புள்ள," என்று சொல்லிவிட்டு, பார்க்காமலே ஃபெக்டரிக்குக் கிளம்பிவிட்டான். வினோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனிடம் எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு பதில், அதோடு சரி.

எல்லாம் அவளுடைய இந்தக் காலில்தான் தொடங்கியது. போன மழைக்குக் கொழுந்துக் கூடையோடு தண்ணி ஓடுகிற கானில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே முறிந்தது. உள்ளே சீழ் வைத்து, கெட்டுப்போன எலும்பைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு துண்டாகவே எடுத்துவிட்டார்கள். அந்த இடைவெளிக்குள் செயற்கை எலும்பு என்று கல்லுப்பு மாதிரி வெள்ளைத் துகளை அடைத்தார்கள். டொக்டர் நல்ல மனுஷன், அவளுக்குப் புரிகிற மாதிரி சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். போஞ்சிக் கொடிக்குக் குச்சி நடுகிறோமே, அந்த மாதிரிதான் இது. உன் எலும்பு இதைப் பிடித்துக்கொண்டு வளரும், குச்சி தானாகக் கரைந்துவிடும்.

"செத்தவங்க எலும்பாமே?" என்று லயத்தில் கேட்காத ஆளில்லை.

"யாரு எலும்பும் இல்ல. ஃபெக்டரியில செஞ்சது."

"எது, நம்ம ஃபெக்டரியிலயா?" என்று பக்கத்து வீட்டுக் காம்பரா தனுஜா கேட்டதற்கு அன்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வினோதாவும்தான் சிரித்தாள்.

கால் கூடிவிட்டது. நன்றாகவே கூடிவிட்டது. குளிரில் உடம்பெல்லாம் விறைத்துக் கிடக்கும்போது அந்த ஒரு கால் மட்டும் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த கேத்தல் மாதிரி கதகதவென்று இருக்கும். வீட்டுப் பூனை அதைக் கண்டுபிடித்து, தினம் அதன்மேலேயே சுருண்டு தூங்கியது. ஒரு நாள் காலையில் அது எழும்பவில்லை. வினோதா தூக்கியபோது அவள் கையின் இரண்டு பக்கமும் ஈரச்சாக்கு மாதிரி தொங்கியது. உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"புல்லுக்கு அடிச்ச மருந்தத் தின்னிருக்கும்," என்றான் ஜெயகாந்தன்.

பூனை போன பிறகு அந்தச் சூட்டுக்குத் தனுஷிகா வந்துவிட்டாள். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். அப்புறம்தான் பல் விழ ஆரம்பித்தது.

கிளினிக்குக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடக்கும்போது தனுஷிகா வழக்கம்போல அம்மாவின் ஆள்காட்டி விரலை மட்டும் ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி முன்னைவிடத் தளர்ந்திருந்ததா? இல்லை, நமக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா?

டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் மலர்ந்தார். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு எலும்பு வளர்ந்து தான் பார்த்ததேயில்லை என்றார்.

"எடுத்துருங்க டொக்டர். எனக்கு வேணாம்," என்றாள் வினோதா சிங்களத்தில். பூனையைச் சொன்னாள், பல்லைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கேவலமாக இருந்தது.

நல்ல எலும்பை யாராவது வெட்டி எடுப்பார்களா என்று அவர் சிரித்தார். பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். தினம் பால் குடு என்றார்.

"கொடி குச்சியில ஏறுது, சரி. வேர் எங்க ஓடுது டொக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நர்ஸ் மிஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து வினோதா அழுதாள். கோபத்தில் வந்த அழுகை அது. கால் நொண்டியிருந்தால் நாலு பேர் ஐயோ பாவம் என்றிருப்பார்கள். நல்ல காலைக் குறை சொன்னால் யார் கேட்பார்கள்?

அன்றிலிருந்து இஸ்தோப்பில் சாக்கை விரித்துத் தனியாகப் படுத்தாள்.

"பைத்தியமா ஒனக்கு? இந்தக் குளிர்ல வெறைச்சே போயிருவ."

"வெறைச்சாலும் பரவால்ல. அவள என் பக்கத்துல விடாதீங்க. ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"சரி சரி, கத்தாத. லயமே கேக்குது."

பிள்ளை உள்ளேயிருந்து அம்மா அம்மா என்று அழுதது. வினோதா காதைப் பொத்திக்கொண்டாள். சாக்குக்குள் அந்தக் கால் மட்டும் குளிர்ந்துகொண்டே வந்தது. முதல் தடவையாக அது வலித்தது. குடைந்து குடைந்து, பசி மாதிரி வலித்தது. வலிக்கட்டும், நல்லா வலிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் அசதியில் எப்போது தூங்கினாள் என்றே தெரியவில்லை.

வேலைக்குக் கூப்பிடுகிற பெரட்டுத் தப்புச் சத்தத்தில்தான் கண் விழித்தாள். வெளியே வெளுத்திருந்தது. பனி இஸ்தோப்புக்குள் வந்து நின்றது.

வலி இல்லை. கால் கதகதவென்று இருந்தது.

படியில் ஜெயகாந்தன் பூட்சை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி பூரா நடுங்கிக்கிட்டு கெடந்த. புள்ளையும் அம்மாகிட்டதான் போவேன்னு ஒரே அழுகை. பாக்கப் பொறுக்கல, அதான் கொண்டாந்து போட்டேன்." திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "இப்ப எப்பிடி, நல்லா சூடா இருக்கா?"

போர்வைக்குள் ஏதோ அசைந்தது.

"அம்மா." சின்னக் குரல். "கை வரமாட்டேங்குது."

வினோதா போர்வையை விலக்கினாள்.

தனுஷிகா காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். வலது கை தழும்பின் மேல் கிடந்தது. வினோதா அதைத் தூக்கினாள். தூக்கிய இடத்திலிருந்து அது வழிந்தது. தோல் இருந்தது. விரல் இருந்தது. நகம் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

 

வினோதாவின் கை தானாகத் தன் காலைத் தடவியது. தழும்பு. அதற்குக் கீழே, தோலுக்கடியில், கெட்டியாக ஏதோ. சின்னச் சின்னதாக. வரிசையாக. ஐந்தும் இருந்தன.

ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்தாள்.

தோலுக்குள்ளேயே அவை மெல்ல மடங்கின. அவள் விரலைச் சுற்றிக்கொண்டன. பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடக்கும்போது பிடிக்கிற அதே பிடி. இறுக்கமாக.