பசிக்காத எலி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. எலி ஒன்று இன்டர்வியூவுக்குப் போன கதை சொல்கிறேன்... சிரிக்காமல் கேட்கணும்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற காலை பஸ். பஞ்சநாதன் காலடியில் கம்பிக்கூண்டு, உள்ளே வெள்ளை எலி. மூளை வழியை எப்படி ஞாபகம் வைக்கிறது என்று ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்தவன். பெரம்பலூரில் பல்கலைக்கழகம் புதிதாகத் திறந்த ஆராய்ச்சி மையத்தில் விரிவுரையாளர் இடம் ஒன்றே ஒன்று. போட்டிக்கு ஐந்து பேர். சந்துசந்தாகப் பலகை அடித்த பெட்டிக்குள் எலி வழி கண்டுபிடித்து ஓடிக் காட்ட வேண்டும். வயிறு காய்ந்தால்தான் ஓடும். அதனால் நேற்றிலிருந்து பட்டினி.

சாரல் காற்றில் கண்ணயர்ந்துவிட்டான். விழித்துப் பார்த்தால், பெண்கள் சீட்டிலிருந்து ஒருத்தி குனிந்து கூண்டுக்குள் எதையோ போடுகிறாள்!

"அய்யய்யோ! என்னங்க பண்றீங்க?"

"ஜெயங்கொண்டத்து முந்திரிங்க. ஆறு போட்டேன், ஆறையும் தின்னுருச்சு. சோறே காட்ட மாட்டீங்களா?"

"நேத்துலேருந்து பட்டினி போட்டு வச்சிருக்கேன்!"

"அதைப் பெருமையா வேற சொல்லிக்கிறீங்க! வாயில்லாத சீவன்..."

அந்தக் கண்கள்... கொட்டப்போகிற மேகம் மாதிரி. கோபத்திலும் பார்த்துவிட்டான். பார்த்ததற்காகத் தன்மேலும் கோபம். பெரம்பலூர் வந்ததும் கூண்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டான்.

மையத்தில் நுழைந்தால், தேர்வுக் குழுவின் ஓரத்தில் டைப் மிஷினோடு அவளே! பெயர் ஜெகதாம்பாள். ஆறு மாதத் தற்காலிக வேலையில் இருக்கிற டைப்பிஸ்ட்.

எலியைப் பெட்டியில் விட்டான். அது வாசலிலேயே உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது. பிறகு சுருண்டு படுத்தது.

"என்னப்பா, உங்க எலிக்கு வேலை வேண்டாமா?" என்றார் மையத்தின் இயக்குநர்.

அவள் பக்கம் விரலை நீட்டிக் காட்டினால் போதும்... அவன் காட்டவில்லை. "வழியில சாப்பிட்டுருச்சுங்க சார். என் கவனக்குறைவு."

"அடுத்த ஆளைக் கூப்பிடும்மா."

ஜெகதாம்பாள் கூப்பிடவில்லை. எழுந்து நின்றாள். "சார்... முந்திரி போட்டது நான்தாங்க. அவரு தூங்கிட்டிருந்தாரு. என் வேலை போனாலும் போகட்டும். அவருக்கு இன்னொரு வாய்ப்பு குடுங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, இவரைக் கடைசியில வச்சுக்கலாம். அதுவரைக்கும் எலிக்கு நீதான் காவல். ஒரு பருப்பு உள்ள போகக்கூடாது."

வராந்தா பெஞ்சு. நடுவில் கூண்டு. வெளியே தூறல்... முதலில் இருவரும் எலியோடு மட்டும்தான் பேசினார்கள்.

"ஏய், அவருக்குக் கோபம் இறங்கிருச்சான்னு கேளு."

"பாதி இறங்கிருச்சுன்னு சொல்லு."

போகப்போக எலியை மறந்தே போனார்கள்.

நாலரை மணிக்கு அது பசியில் கம்பியைக் கடித்தது. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பெட்டியில் விட்டதும் ஒரு சந்தும் தப்பாமல் ஓடி முடித்தது. அன்றைக்கே இடம் அவனுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

வாசலில் அவன் தயங்கினான். "ஒண்ணு சொல்லட்டுமாங்க? அது கம்பியைக் கடிச்சப்போ... இன்னும் கொஞ்ச நேரம் பசிக்காம இருக்கக் கூடாதான்னு தோணுச்சு."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "மூணு மணிக்கே கடிச்சுதுங்க. நீங்க கவனிக்கலை... நான் சொல்லலை."

தை மாதமே கல்யாணம். உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, அடுப்பு அணையாமல், பிள்ளைகள் மனசுக்குப் பிடித்தவரோடு சேர்ந்து, வாசலில் சிரிப்பு ஓயாமல் இருக்கட்டும்.