சாயம் தெரியாத நிபுணர்

போன் அடித்தது.

மொழிபெயர்ப்பு நிறுவனம் நடத்துகிறவள் எடுத்தாள்.

"சாயப்பட்டறையிலேர்ந்து இன்ஸ்பெக்டர் பேசறேன். இங்க சாயம் போடுறவர் செத்துக் கெடக்காரு. மருந்தை மாத்திக் கலந்ததுல விஷப்புகை. உங்க மொழிபெயர்ப்புல தப்புன்னு முதலாளி சொல்றாரு... உடனே வாங்க."



புதிய சாய மெஷினின் செய்முறைக் குறிப்பு டச்சு மொழியில் வந்திருந்தது. வெளிநாட்டில் வளர்ந்த சாயக்காரருக்குப் படிக்கத் தெரிந்ததோ போர்ச்சுகீஸ் மட்டும்.

இரண்டு மொழியும் தெரிய வேண்டும். துணியும் சாயமும் தெரிய வேண்டும். தேடித் தேடி அலுத்துப் போனாள். கிடைத்த ஒருத்தியும் அடுத்த மாதம்தான் முடியும் என்றாள். பட்டறை முதலாளியோ உடனே வேண்டும் என்று கழுத்தைப் பிடித்தார்.

வேலையை அக்கா புருஷன் தலையில் கட்டிவிட்டாள்.

அவர் காதல் கதை மொழிபெயர்க்கிறவர். சாயம் என்றால் உதட்டுச்சாயம் மட்டுமே தெரிந்தவர்.

முதலாளியிடம் சொன்னது?

'துணித்துறை நிபுணர்.'

பட்டறைக்குள் மூக்கை அரிக்கும் நெடி. வெள்ளைத் துணிக்கு வெளியே ஒரு கை... மணிக்கட்டு வரை நீலம். அந்தக் கையை விடாமல் பிடித்தபடி அவர் மனைவி.

அந்த மனைவி நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். மறுபடி அந்த நீலக் கையையே தடவினாள். திட்டியிருந்தால் தேவலை.

"குறிப்பு எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதைப் படிச்சுக்கிட்டேதான் கலந்தான் சார். என் கண்ணால பாத்தேன்" என்றார் முதலாளி. "காகிதம் தொட்டியில விழுந்து கரைஞ்சிடுச்சு. நேரா அவனுக்கே அனுப்பியாச்சுன்னு இந்தம்மாதான் நேத்து சொன்னாங்க."

"சொன்னேன்" என்றாள். "நிபுணர்னு சொன்னது பொய் சார். எங்க அத்தானுக்குத் துணியப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சேதான் குடுத்தேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க... அவரை விட்டுடுங்க."

"முதல்ல அவருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டாள்.

"அத்தான்... அந்தச் சாயக் குறிப்பு..."

"திட்டிடாதம்மா. அனுப்பிட்டேன்னு பொய் சொல்லிட்டேன். ரெண்டாம் பக்கத்துலயே நிக்கிறேன், ஒண்ணும் புரியல. இன்னும் யாருக்கும் எதுவும் அனுப்பலை."



இன்ஸ்பெக்டர் மெல்ல முதலாளி பக்கம் திரும்பினார்.

"வராத காகிதத்தையா படிச்சாரு?"

முதலாளியின் கால் பின்னால் நகர்ந்தது. வாசலில் கான்ஸ்டபிள்.

"கழிவுத் தண்ணிய ஆத்துல விடறதைப் போட்டுக் குடுத்துடுவேன்னான் சார்... நான்தான் மருந்தை மாத்தி வச்சேன். பழி மொழிபெயர்ப்பு மேல போயிடும்னு நெனச்சேன்."

விலங்கு மாட்டினார்கள்.

அவளால் அப்போதும் அந்த மனைவியை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

"அனுப்பியாச்சுன்னு நான் சொன்ன பொய்யிலதானே சார் இவரு ஒளிஞ்சுக்கப் பாத்தாரு?"

"ஆமா" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்கு எங்கிட்ட செக்‌ஷன் இல்ல. நீங்களே சுமக்கணும்."

போன் இன்னும் உயிரோடு இருந்தது.

"என்னம்மா, யாரோ பேசற மாதிரி இருக்கு, ஒண்ணும் கேக்கலை. ரொம்பக் கோவமா?"

இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"கோவமில்ல சார், பொறாமை. வேலையே செய்யாம ஒரு கொலையைக் கண்டுபிடிச்சிட்டீங்க. எங்க ஸ்டேஷன்லயும் நாலு பேர் வேலை செய்யாமத்தான் இருக்காங்க... ஒரு சைக்கிள் திருடனைக் கூடக் காணோம்!"