மத்தியானம் வந்து உட்கார்ந்த அக்கா

கதவோரத்தில் ஒட்டியிருந்த டிஷ்யூ தாள் உள்பக்கமாக வளைந்து கிடந்தது.

வேறு யார் வீட்டிலும் இது ஒரு விஷயமே இல்லை. விரல் அகலத் தாள் எந்தப் பக்கம் ஆடினால் யாருக்கு என்ன? ஆனால் பெரியவள் வேலை முடிந்து வந்ததும், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நேரே குளியலறைக்குப் போய்த் தலையோடு குளித்து, துவைத்த துணி மாற்றிக்கொண்டு, முதலில் போய்ப் பார்ப்பது அந்தத் தாளைத்தான். தங்கை சின்னவளின் அறை ஜன்னலில் ஒரு விசிறிப் பெட்டி பொருத்தியிருக்கிறது. வெளிக்காற்றை வடிகட்டி அறைக்குள் தள்ளிக்கொண்டே இருப்பது அதன் வேலை. தள்ளிய காற்று கதவிடுக்கு வழியாக வெளியே வந்தாக வேண்டும். அப்படி வருகிற வரைக்கும் வெளியில் இருக்கும் கிருமி உள்ளே புகாது. ஆகவே தாள் எப்போதும் வெளிப்பக்கமாகத்தான் படபடக்கும். விசிறி நின்றுபோனால் சும்மா தொங்கும். உள்ளே போவதற்கு அதற்கு வழியே கிடையாது.

சின்னவளுக்குப் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி கிடையாது. மற்றவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு மறந்துபோகிற சளி அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போடும். மாதாமாதம் யார் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை ட்ரிப்பில் ஏற்றித்தான் வண்டி ஓடுகிறது. தடுப்பூசி போட்டாலும் அவள் உடம்பு அதைக் கண்டுகொள்வதே இல்லை. கொள்ளைநோய் முடிந்துவிட்டது என்று ஊர் உலகமெல்லாம் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் கல்யாணம் காட்சி என்று கிளம்பிவிட்டது. இந்த வீட்டில் மட்டும் அது முடியவில்லை. அம்மா போன பிறகு பெரியவளுக்கென்று இருப்பது இந்த ஒரு உயிர்தான். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நினைப்பு தலைகாட்டினாலே பெரியவள் எழுந்துபோய்க் கை கழுவிக்கொள்வாள்.

அவள் மண்டியிட்டுத் தாளைப் பார்த்தாள். அது உள்ளே போயிற்று. கொஞ்சம் நின்றது. பிறகு நிதானமாக வெளியே வந்தது. மறுபடி உள்ளே. ஜன்னல் பெட்டியின் ரீங்காரம் கதவுக்கு அப்பால் எப்போதும்போலக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பெட்டி மாட்டிக் கொடுத்த மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.

"சான்ஸே இல்ல மேடம். ஃபேன் ஓடுதுல்ல? அப்ப காத்து வெளியதான் வரும். தாள்ல ஈரம் பட்டிருக்கும், வேற ஒட்டிப் பாருங்க."

"ஈரம் பட்டா உள்ள வெளிய போயிட்டு வருமா?"

"உங்க தங்கச்சி உள்ள நின்னு ஊதி வெளையாடுதோ என்னமோ," என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

சின்னவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான். பெரியவள் எழுந்து கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சின்னவள் அறைக்கோடியில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பழைய துணியில் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல். அது வழக்கமாகச் சுவரோரம் இருக்கும்.

பெரியவள் நிற்கும் இடம் இரண்டு கதவுகளுக்கு நடுவில் இருக்கும் குட்டி அறை. ஒரு வாஷ்பேசின், கொக்கிகளில் நீல கவுன்கள், தலையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கையுறைப் பெட்டி. உள்ளே போகிற யாராக இருந்தாலும் இங்கே நின்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மாட்டிய பிறகு எல்லோரும் ஒரே அச்சு. நர்ஸும் அக்காவும் மெக்கானிக்கும் நீலப் பொட்டலங்கள். அதனால் மார்பில் வெள்ளை டேப்பை ஒட்டி 'நர்ஸ்', 'அக்கா' என்று எழுதிக்கொள்வது இந்த வீட்டு வழக்கம். நர்ஸ் ஒருநாள் விளையாட்டாக 'மகாராணி' என்று எழுதிக்கொண்டு போய், சின்னவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இரண்டு நாளாகப் பெரியவளுக்குத் தொண்டை கரகரப்பு. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. ஆனாலும் தொண்டை சரியாகும்வரை உள்ளே கால் வைக்கக்கூடாது. சட்டம் போட்டவளே அவள்தான். சாப்பாடு சுவர்ப் பெட்டி வழியாக, பேச்சு போன் வழியாக.

போனை எடுத்தாள். உள்ளே சின்னவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னடி பண்றே?"

"உன் தலையணைக்கு உறை தைக்கிறேன். தொண்டை எப்படி இருக்கு? கேக்கவே சகிக்கலையே."

"அப்படியேதான் இருக்கு. ஸ்டூலை ஏன் அங்க நகத்தினே?"

"நல்லா கேட்டியே! நீதானே நகத்தினே." சின்னவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. நீயே போட்ட ரூலை நீயே ஒடச்சுட்டு வந்தியே, அதான் எனக்கு ஆச்சரியம். மத்தியானம் பூரா நல்லா இருந்துச்சு."

பெரியவள் கண்ணாடியை ஒட்டி நின்றாள். மத்தியானம் முழுக்க அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தாள்.

"நான் வந்தேனா?" என்று கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடாய்ப் பட்டாள்.

"தொண்டை கட்டியிருக்குன்னு பேசவே இல்ல. சரி, பேச வேணாம்னு நானும் விட்டுட்டேன். கையை மட்டும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. க்ளவ்ஸ் சில்லுனு இருந்துச்சு. அவசரத்துல பேரு எழுதாம வந்துட்டே. நான்தான் மார்க்கர் எடுத்து கவுன்லயே பெருசா 'அக்கா'ன்னு எழுதிவிட்டேன். மறந்துட்டியா?"

"இல்ல... அலுப்பு. படுத்துக்கோ. இதோ வர்றேன்."

போனைத் துண்டிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அங்கிருந்த வீட்டு போனிலிருந்து நர்ஸை அழைத்தாள். நோய் எதிர்ப்பு இல்லாதவர்களுக்கான உதவிக் குழுவிலிருந்து வருகிறவள் அந்த நர்ஸ்.

"நானா? நான் வெள்ளிக்கிழமைதானே வருவேன். சாவிகூட உங்ககிட்டதானே இருக்கு. ஏன், ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மா கேட்டேன்."

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெளியே பொழுது சாய்ந்து, கூடத்தில் நாற்காலிகளின் நிழல் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போடத் தோன்றாமல் நின்றாள். மருந்து ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. வெகுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தவரின் அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வெதுவெதுப்பான வாடை.

ஏனோ அவளுக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது.

அவளுடைய வேலை இதுதான்: சின்னவளைப் போன்றவர்களின் ரத்தத்தையும் சளியையும் வாங்கி, கொள்ளைநோய்க் கிருமி அவர்களுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்பது. கூடவே வாரத்துக்கு ஒருமுறை அவர்களை போனில் கூப்பிட்டு விசாரிப்பது. அப்படிப் பழக்கமானவர்தான் அந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மற்றவர் உடம்பில் இரண்டு வாரம் தங்குகிற கிருமி, எதிர்க்க ஆளில்லாத அவர் உடம்பில் மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியது. சாகவும் விடவில்லை, பிழைக்கவும் விடவில்லை. தொற்று என்பதால் யாரும் பக்கத்தில் போகக்கூடாது. போனில் அவர் மூச்சு வாங்க வாங்கக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "ஒரு நாளைக்கு உள்ள வந்து உக்காந்துட்டுப் போம்மா. பேசக்கூட வேணாம். மனுஷ வாசனை பட்டு எத்தனை மாசமாச்சு தெரியுமா?" பாவம், அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவளால் போயிருக்கவும் முடியாது.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குள் இருந்தது போகவில்லை. ஆராய்ச்சிக்கூடத்து உறைபெட்டியில் ஒரு சின்னக் குழாயில் அது இன்னும் இருக்கிறது. இந்த வாரம் அதை உருக்கி எடுத்து, கண்ணாடித் தட்டில் விட்டபோது, ஒரே ராத்திரியில் தட்டு முழுக்கப் பரவியிருந்தது. "ஆள் இல்ல, இது மட்டும் என்ன தெம்பா இருக்கு பாருங்க!" என்று பெரிய டாக்டர் பூரித்துப்போனார். மறுநாள்தான் அவளுக்குத் தொண்டை கரகரத்தது.

பைக்குள் போனில் சின்னவளின் குரல் கேட்டது.

"வந்துட்டியா? இதுக்குத்தான் இதோ வர்றேன்னியா! உக்காரு."

ஓடினாள். நாற்காலியில் கால் இடறியது வலிக்கக்கூட இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் ஸ்டூலில் ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. முதுகு இந்தப் பக்கம். நீல கவுன், தலையுறை, கழுத்துக்குப் பின்னால் ஒழுங்காக முடிந்த நாடா. கவுனின் முதுகு மெல்ல உப்பியது. மெல்ல ஒடுங்கியது. அது உப்பும்போதெல்லாம் கதவோரத் தாள் உள்ளே போனது.

பெரியவளின் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. போன கை அங்கேயே நின்றது.

உடம்பு முழுக்கக் கூடத்துத் தூசி. தொண்டையில் என்ன இருக்கிறதோ தெரியாது. இப்படியே உள்ளே போனால் தங்கையைக் கொல்லுவது அவளாகவே இருக்கலாம். இத்தனை வருடம் அவளைக் காப்பாற்றியது இந்த ஒரு பழக்கம்தான். அவள் பேசின் பக்கம் திரும்பினாள்.

குழாயைத் திறந்தாள். சோப்பு. விரல் நுனி, விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை. எதையும் குறைக்க மனம் வரவில்லை. கை தன்பாட்டுக்கு ஒவ்வொரு விரலாகத் தேய்த்தது, அவளோ உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தாள். மாஸ்க். தலையுறை. கண்ணாடி. கவுன். நாடா நழுவியது. மறுபடி முடிந்தாள். போனில் சின்னவள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. கையுறை. இடது. வலது. டேப்பைத் தேட நேரமில்லை.

கதவைத் தள்ளினாள்.

சின்னவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண்கள் இவளைப் பார்த்தன, ஸ்டூலைப் பார்த்தன, மறுபடி இவளைப் பார்த்தன. தைத்துக்கொண்டிருந்த துணி மடியிலிருந்து விழுந்தது.

"யாரு நீங்க?"

"நான்தாண்டி. அக்கா."

தொண்டையிலிருந்து வந்தது அவளுக்கே அந்நியமான ஒரு கரகரப்பு. மாஸ்க்குக்குள் அது இன்னும் கெட்டுப்போய் ஒலித்தது.

"பொய். அக்கா இங்க இருக்கா." சின்னவளின் விரல் ஸ்டூலில் இருந்ததன் மார்பைக் காட்டியது. கோணல்மாணலாக, கறுப்பு மையில், அவள் கையெழுத்திலேயே இருந்தது: அக்கா.

இவள் மார்பு வெறுமையாக இருந்தது.

"அது நான் இல்ல. எழுந்திரு. இந்தப் பக்கம் வா."

"கிட்ட வராதீங்க!"

இவள் கிட்டத்தில் போய்விட்டாள். பாய்ந்து அதன் தோளைப் பிடித்து இழுத்தாள். தோள் இல்லை. விரல்கள் கவுனுக்குள் அமுங்கின. உள்ளே வெதுவெதுப்பாகக் காற்று. வெறும் காற்று. கையை எடுத்ததும் அமுங்கிய இடம் மறுபடி உப்பித் தோளாயிற்று. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சின்னவள் கட்டிலின் மூலைக்கு ஒடுங்கிப் போயிருந்தாள். அழுகிறாள். இவளுக்குப் பயந்துதான் அழுகிறாள்.

"அப்ப மூஞ்சியக் காட்டுங்க. அக்கான்னா மாஸ்க்கைக் கழட்டிக் காட்டுங்க!"

இவள் கை காதோர நாடாவுக்குப் போயிற்று. ஒரு இழுப்பு. அவ்வளவுதான் வேலை. தங்கைக்கு அக்கா முகம் தெரிந்துவிடும். தொண்டைக்குள் கரகரவென்று ஏதோ நகர்ந்தது. இருமல் வந்தது. விழுங்கினாள். இந்த மூச்சு அவள்மேல் பட்டால்? விரல் நாடாவைப் பிடித்தபடியே நின்றது.

"முடியாதுடி," என்றாள். "தொண்டை சரியில்ல. உனக்கு ஆகாது."

ஸ்டூலில் இருந்ததற்கு அந்தக் கவலை இல்லை.

அதன் கை நிதானமாக எழுந்தது. ஒரு காதிலிருந்து நாடாவை எடுத்தது. அடுத்த காது. மாஸ்க் மடியில் விழுந்தது.

பெரியவள் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது தங்கையின் முகம் மட்டுமே. அழுத கண்கள் விரிந்தன. பிறகு அந்த முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் பெரியவளால் அங்கே கொண்டுவர முடியாத ஒரு சந்தோஷம்.

"அக்கா," என்றாள் சின்னவள். "கிட்டத்துல நீ இவ்ளோ அழகா இருக்கியே!"

"வேணாம்! மூச்சை இழுக்காதே! அடியே, மூச்சை..."

சின்னவள் காதில் எதுவும் விழவில்லை. தவழ்ந்து வந்தாள். இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்துத் தன் முகத்தோடு ஒட்டவைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். ஆழமாக மூச்சை உள்ளே இழுத்தாள்.

கவுன் தளர்ந்தது. தோள் சரிந்தது. தலையுறை அமுங்கிக் கழுத்துக்குள் இறங்கியது. மார்பில் இருந்த எழுத்துகள் மடிந்து மடிந்து ஸ்டூலின்மேல் நீலத் துணியாகக் குவிந்தன. ஜன்னல் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவளின் நெஞ்சு ஏறியது. இன்னும் ஏறியது. நைட்டியின் பொத்தான் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. கண்ணைத் திறந்து அவள் பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், இழுத்த மூச்சை வெளியே விடாமல்.