கடைசி வீட்டுப் புட்டி

“குடிம்மா! ஒரே ஒரு வாய். நீ குடிச்சிட்டா நல்ல தண்ணின்னு நம்பிட்டு, நான் வாயைப் பொத்திக்கிட்டுப் போயிடறேன்.”

“கத்தாதீங்கம்மா. இது ஆபீஸ்.”

“ஆபீஸ்னு தெரிஞ்சுதான் கத்தறேன். வீட்ல கத்தினா யாருக்குக் கேக்குது?”

குடிநீர் அலுவலகத்தின் முன்னறையில், மேசைக்கு இந்தப் பக்கம் டெய்லரம்மா, அந்தப் பக்கம் குளோரின் அக்கா. நடுவில் ஓர் எவர்சில்வர் டம்ளர். அதில் இருந்ததைத் தண்ணீர் என்று சொன்னால் தண்ணீருக்கே கோபம் வரும். நிறம் வெளிர்ப் பழுப்பு. மேலே ஒரு மினுமினுப்பு. கிட்டே போனால், நனைந்த துணியைச் சுருட்டி மூடிவைத்து மறந்துவிட்ட வாடை.

டெய்லரம்மாவுக்கு வீடு ஊரின் கடைசித் தெருவில் கடைசி. ஒண்டிக்கட்டை. தையல் மெஷின்தான் குடும்பம். பற்களுக்கிடையில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசிப் பழகியவள். ஊசியை எடுத்த பிறகும் பேச்சில் அது இருக்கும்.

குளோரின் அக்காவின் வேலை, தெருத்தெருவாகக் குழாய்த் தண்ணீரைச் சின்னச் சின்னப் புட்டிகளில் பிடித்துவந்து, குடிக்கலாமா கூடாதா என்று சொல்வது. சேலையில் எப்போதும் பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்ததால் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. யார் வீட்டுக்குப் போனாலும் தன் கைப்பையில் இருக்கும் பாட்டிலில் இருந்துதான் குடிப்பாள். அதை யாரும் கவனிக்கவில்லை என்பது அவள் எண்ணம். ஊர் எதைத்தான் கவனிக்காமல் விட்டிருக்கிறது!

“எனக்குத் தொண்டை சரியில்லைம்மா,” என்றாள் அக்கா.

“போன தடவையும் தொண்டைதான். அதுக்கு முந்தின தடவை வயிறு. உடம்புல இன்னும் எந்தெந்தப் பாகம் பாக்கி இருக்கு?”

உள்ளறையில் இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்.

“உங்க வீட்டுத் தண்ணிய டெஸ்ட் பண்ணியாச்சு. நல்லா இருக்குன்னு வந்திருக்கு,” என்றாள் அக்கா.

“எப்ப வந்து பிடிச்சே? நான் பாக்கலையே.”

“நீங்க தைச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க.”

டெய்லரம்மா அவளையே பார்த்தாள். பிறகு டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். அன்று பேசாமல் போனதுதான் அவள் செய்த ஒரே தப்பு என்று ஊர் பிற்பாடு சொன்னது. ஊருக்கென்ன, சொல்லும்.

விஷயம் இதுதான். புட்டிக்குள் ஒரு மருந்துப் பொடி இருக்கும். தண்ணீரைக் கோடு வரைக்கும் பிடித்து, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைத்தால், நல்ல தண்ணீர் அப்படியே கிடக்கும். சாக்கடை கலந்திருந்தால் மை ஊற்றினாற்போலக் கறுத்துவிடும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு புட்டி. கடைசித் தெருவுக்குக் கடைசி வீட்டுக் குழாயில்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தெருவுக்கு ஏற்றம் ஏறிப் போகவேண்டும். போனால் டெய்லரம்மா பிடித்து உட்காரவைத்துவிடுவாள். அதோடு, பிடித்தால் கறுத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவின் குழாய் சாக்கடைக்கு அடியில் போகிறது. எங்கேயோ விரிசல். தோண்டினால்தான் தெரியும், தோண்ட யாரும் தயாராக இல்லை.

அதனால் ‘கடைசி வீடு’ என்று எழுதிய புட்டியை ஆபீஸ் வாஷ்பேசின் குழாயில் பிடிப்பது வழக்கம். குளோரின் கலக்கிற தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் குழாய். எந்தக் காலத்திலும் கறுக்காது. அக்காவுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் பிடித்தார். வேலையை ஒப்படைக்கும்போது சாவியோடு சேர்த்து அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அந்த மாதத்திலேயே டெய்லரம்மா போய்விட்டாள். வாந்தி, பேதி. பாதி தைத்த சட்டையின் மேல் தலை சாய்ந்திருந்தது. தைக்கக் கொடுத்தவர்கள் முதலில் துணியைத் தேடினார்கள், பிறகு அழுதார்கள்.

“வயசாச்சு, என்ன பண்றது,” என்றார் இன்ஜினியர். டெய்லரம்மாவை விட அவருக்கு இரண்டு வயது கூட.

அடுத்த முறை அக்கா ஆபீஸ் குழாயில் பிடித்து வைத்த கடைசி வீட்டுப் புட்டி கறுத்திருந்தது.

மற்றப் புட்டிகள் எல்லாம் தெளிவு. அது மட்டும் கறுப்பு. புட்டியைக் கழுவவில்லையோ என்னமோ என்று கொட்டிவிட்டு, புதுப் புட்டியில் பிடித்தாள். அதுவும் கறுத்தது. மருந்துக் கடையில் வாங்கிய, ஊசிமருந்து கலக்குகிற சுத்தத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள்.

அதுவும்.

மூடியைத் திறந்தபோது சாக்கடை நாற்றம் வரவில்லை. மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. கூடவே, மூடிவைத்து மறந்துபோன ஈரத்துணி.

இன்ஜினியரிடம் சொன்னாள். “அந்தப் பேரைப் புட்டியில எழுதாதேம்மா, வேற பேரு எழுது,” என்றார் அவர். பெரிய படிப்புப் படித்தவர், யோசனைக்கு என்ன குறைச்சல்?

வீட்டில் அக்காவும் கணவரும் குட்டிப் பெண்ணும் நாத்தனாரும். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அடுத்தவர் பார்வையைச் சரிபண்ணுவாரே தவிர, வீட்டில் நடப்பது எதுவும் அவர் கண்ணில் படாது. நாத்தனாருக்கு இன்னும் வரன் அமையவில்லை. காரணம் அவளுடைய வாய் என்று ஊரும், ஊருடைய வாய் என்று அவளும் சொல்லிக்கொண்டார்கள்.

முதலில் கவனித்ததும் நாத்தனார்தான்.

“அண்ணி, குட்டி என்ன இப்படித் தண்ணி குடிக்கறா? காலையில இருந்து குழாய்கிட்டயே நிக்கறா.”

“கொதிக்கவெச்ச தண்ணி இருக்கே. அதைக் குடுக்கறதுதானே?”

“குடுத்தேன். வேணாங்கறா. இந்தத் தண்ணிதான் வேணுமாம்.”

அக்கா மகளைப் பிடித்து நிறுத்தினாள். உதடு வெடித்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

“யாருடி உனக்குக் குழாய்த் தண்ணி குடுத்தா?”

“அந்த ஆன்ட்டி.”

“எந்த ஆன்ட்டி?”

“வாயில ஊசி வெச்சிருக்கற ஆன்ட்டி. நீ குடிக்க மாட்டியாம். அதனால நான் குடிக்கணுமாம்.”

மறுநாள் குழந்தை ஆஸ்பத்திரியில். ஏற்றிய சலைன் ஒரு பக்கம் போனது, குழந்தை இன்னொரு பக்கம் கரைந்துகொண்டிருந்தாள். “தண்ணில கோளாறு. எந்தத் தண்ணி குடிச்சா?” என்றார் டாக்டர். நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சுவரைப் பார்த்தாள்.

“ராத்திரி தாங்கறது கஷ்டம்,” என்று டாக்டர் கணவரிடம் தனியாகச் சொன்னார். தனியாகச் சொன்னதால் வார்டு முழுக்கக் கேட்டது.

குழந்தைக்கு மாற்றுத்துணி எடுக்க, பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தாள் அக்கா. மழை மூட்டம். வீட்டில் யாரும் இல்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கப் போனவள் கையை நிறுத்தினாள்.

குழாயின் வாயில் ஒரு நூல் தொங்கியது.

நீல நூல். பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். முழம் முழமாக வந்து தொட்டியில் சுருண்டது. ஈரமாக, வழுவழுவென்று, எண்ணெய் வாசனையோடு. நீலம் முடிந்த இடத்தில் முடிச்சுப் போட்டுச் சிவப்பு. சிவப்பு முடிந்து வெள்ளை. ஊரில் யார் யாருக்கோ தைத்த துணிகளின் நிறமெல்லாம் வந்துகொண்டே இருந்தது. நிறுத்த நினைத்தாலும் கை நிற்கவில்லை.

நூல் இறுகியது.

எங்கேயோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தாள்.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

மெதுவாக. பொறுமையாக. தையல் பிரிக்கிற கை இழுப்பதைப் போல. அவள் விரல் குழாயின் வாயில் போய் இடித்தது. அங்கே, விரலில் பட்டது தண்ணீர் இல்லை.

மூச்சு.

“தொண்டை இப்ப தேவலையா?” என்று குழாய் கேட்டது. பற்களுக்கிடையில் எதையோ கடித்துக்கொண்டு பேசுகிற குரல்.

அக்கா அலறவில்லை. அலறினால் அக்கம்பக்கம் வரும், வந்தால் கேட்கும், கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். பயத்திலும் அந்தக் கணக்குத் தப்பவில்லை பாருங்கள். நூலை விட்டாள். அது சரசரவென்று குழாய்க்குள் திரும்பிப் போனது.

“வர்றேன்,” என்றாள். “வந்து குடிக்கறேன். குழந்தையை விட்டுடுங்க.”

கடைசித் தெருவின் ஏற்றத்தை முதன்முறையாக நடந்து ஏறினாள். வழியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம், பாசி பிடித்த கல், முழங்கால் உயரத்தில் ஒரு குழாய். சன்னல் வழியே மெஷின் தெரிந்தது. ஊசியில் நூல் இல்லை.

செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்று தோன்றியது அவளுக்கு. கைப்பையில் இருந்த ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்தி, வெளிக்கிருமி சாகக் குழாயின் வாயைச் சுட்டாள். கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டாள். புட்டியில் கோடு வரைக்கும் பிடித்து, ‘கடைசி வீடு’ என்று எழுதினாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயருக்கு உண்மையான தண்ணீர் அன்றுதான் கிடைத்தது.

பிறகு உள்ளங்கையைக் குவித்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வாய் குடித்தாள்.

“நம்பிட்டேன்மா,” என்றது குரல், காதுக்குப் பக்கத்தில். கோபம் துளியும் இல்லை. “நான் நம்பிட்டேன்.”

அக்கா அப்படியே உட்கார்ந்து அழுதாள். முடிந்தது என்று நினைத்தாள்.

டங்.

பின்னால் கல்தரையில் ஒரு குடத்தை வைக்கிற சத்தம். வெறுங்குடம்.

டங். டங்.

“தள்ளி நில்லுங்க, நான்தான் முந்தி வந்தேன்.”

“எல்லாரும் முந்திதான் வந்தோம். வரிசையில வாங்க.”

சின்னக் குரல்கள், கிசுகிசுப்பான குரல்கள், குழாயடியில் எந்த ஊரிலும் கேட்கிற சண்டைதான். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பார்க்காமலே தெரிந்தது, பூட்டிக் கிடந்த வீட்டுக்காரர்கள். ஒரு புட்டிதானே என்று இத்தனை காலம் நினைத்தாள். ஒரு தெருவுக்கு ஒரு புட்டி.

ஈரமான கை ஒன்று அவள் தலையைத் தடவியது.

“அடுத்தது எனக்காக, தங்கம். ஒரு வாய்.”

குடித்தாள்.

“எனக்கு.”

குடித்தாள்.

“என் புள்ளைக்கும் சேர்த்து. அதுக்குப் பேச வராது.”

குடித்தாள். குடங்கள் நகர்கிற சத்தம் முற்றத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவின் இறக்கத்தில் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

இருட்டுவதற்கு முன் நாத்தனார் தேடிக்கொண்டு வந்தபோது, குழாயில் வாயை வைத்தபடி கிடந்தாள் அக்கா. வயிறு பானையாக உப்பியிருந்தது. இதற்கெல்லாம் யார் சாட்சி என்று கேட்பவர்களுக்கு: ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாத்தனாரிடம் அவளே சொன்னது. யாரிடமும் சொல்லாதே என்று நாத்தனார் ஒவ்வொருவரிடமும் சொன்னது.

“எழுந்து ஓடி வந்திருக்கலாம் இல்ல, அண்ணி?”

“எப்படி வர்றது? வரிசை முடியலையே.”

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அடுத்த கட்டிலில் குழந்தைக்கு அதே நேரத்தில் காய்ச்சல் விட்டிருந்தது. நல்லதுதான் என்று மகிழ அங்கே யாருக்கும் தெம்பில்லை.

கடைசி வீட்டுக் குழாயில் அவள் பிடித்த புட்டியை அதற்கப்புறம் யாரும் தேடவில்லை. ஆபீஸ் குழாய்ப் புட்டி மறுபடி பளிங்காகிவிட்டது. “பாத்தீங்களா, தானா சரியாயிடுச்சு,” என்றார் இன்ஜினியர். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்குச் சாவியைக் கொடுத்தார். கடைசி வீட்டுப் புட்டியை எங்கே பிடிப்பது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். அவர் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதுப் பெண்ணுக்குத் தொண்டை கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கிறதாம்.

கண்ணாடிக்கடைக்காரர் கடையை விற்றுவிட்டு எங்கேயோ போனார். குழந்தையை நாத்தனார் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். குழாயே போடாத, லாரித் தண்ணீரையே நம்பியிருக்கிற ஒரு மேட்டு ஊருக்கு மூவரும் குடிபோனார்கள். குழாய் இல்லாத ஊர் என்பதால்தான் அந்த வரனுக்கே சம்மதித்தாள் என்று பேச்சு.

குடிபோன சில மாதத்தில், எதிர்வீட்டுப் பெண்மணி வாசலில் நின்று பொழுதுபோகாமல் கேட்டிருக்கிறாள்.

“ஏங்க, லாரி வர்றப்பல்லாம் உங்க வீட்டு வாசல்ல குடத்தோட அத்தனை பேர் வரிசையா நிக்கறாங்களே, சொந்தக்காரங்களா? ஒருத்தரும் தண்ணி பிடிச்சுக்கிட்டுப் போன மாதிரி தெரியலையே.”

ஊரையே வாயால் அளந்த நாத்தனார் குழந்தையை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த லாரி வந்தபோது கிட்டே போய்ப் பார்த்த எதிர்வீட்டுக்காரர்கள் அந்த வாரமே காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள்.